உப்பு எடுக்கப் போன நேரம்

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் ஆபரேஷன் நடக்கட்டும்; தன் மனைவியின் முழங்காலில் மட்டும் நடக்கக் கூடாது என்று சூப்பர்வைசர் தீர்மானித்துவிட்டார்.

பிஸ்கட் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை போய்விட்டது, மேற்பார்வை போகவில்லை. அங்கே ஒரு கூட்டத்தையே மேய்த்தவர், இப்போது வீட்டில் ஒருத்தியை மேய்த்தார். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே, “அடுப்பைக் குறை”, “கதவைச் சாத்து”, “பால் பொங்குது பார்” என்று உத்தரவு போடுவார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தாலும் அவர் எழுந்திருக்க மாட்டார். அது தொழிலாளியின் வேலை.

தொழிலாளிக்கோ வலது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. உட்கார்ந்து எழுந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நடந்தால் அடிக்கு ஒரு ‘டக்’. அவள் வீட்டில் எந்த மூலையில் இருக்கிறாள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சூப்பர்வைசருக்கு அது ஒரு வசதி.

எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “மூட்டை மாத்திடலாம். ரெண்டு மாசம் ஓய்வு எடுத்தாப் போதும், ஓடலாம்” என்றார்.

“ரெண்டு மாசமா? அப்போ சமையல்?” என்றார் சூப்பர்வைசர்.

“அதான் நீங்க இருக்கீங்களே!”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத குடும்பத் தலைவர் அவர். அந்த நிமிஷத்தில் எடுத்ததுதான் மேலே சொன்ன தீர்மானம்.

அவருடைய நல்ல காலம், மனைவிக்கு ரத்தம் குறைவாக இருந்தது.

“இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டுக் கத்தி வைக்க முடியாது. வேற கோளாறு எதுவும் இல்ல. சாப்பாடுதான் சரியில்ல” என்றார் டாக்டரம்மா. “இரும்புச் சத்து மாத்திரையும் உங்க வயித்துக்கு ஒத்துக்கலைன்னு சொல்றீங்க. என்னம்மா சாப்பிடுவீங்க?”

“அவர் சாப்பிட்டது போக இருக்கிறதைச் சாப்பிடுவேன்.”

“கூட?”

“டீ.”

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. “வயசாக ஆக வயிறு சோம்பேறி ஆயிடும்மா. எதைச் சாப்பிடுறோம்ங்கிறது பாதிதான். எதோட சேர்த்துச் சாப்பிடுறோம்ங்கிறது மீதி. கீரை, பயறு, முட்டை சாப்பிடுங்க. கூடவே ரெண்டு சுளை ஆரஞ்சு. அந்தப் புளிப்பு இருந்தாத்தான் கீரையில இருக்கிற இரும்புச் சத்து ஒழுங்கா உடம்புல ஒட்டும். அதோட டீயைச் சேர்த்தீங்களோ, வந்த வழியே போயிடும். ரத்தம் ஏறினதும் வாங்க.”

‘வயித்துக்குள்ள போனா எல்லாம் ஒண்ணுதானே’ என்று சூப்பர்வைசர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பிஸ்கட் மாவுக்குத்தான் அளவு, சேர்மானம் எல்லாம். மனுஷ வயிறு என்ன மாவு பிசையும் இயந்திரமா?

மறுநாள் காலையில் மனைவி ஒரு முட்டையை அவித்து, மிளகு தூவி, தட்டில் வைத்தாள்.

“யாருக்கு இது?”

“எனக்கு. டாக்டர் சொன்னாங்களே.”

“ஒரே ஒரு முட்டைக்கா அடுப்பைப் பத்த வெச்சே?” என்று கேட்டுக்கொண்டே அதை வாயில் போட்டுக்கொண்டார். “நாளைக்கு ரெண்டாப் போடு.”

மறுநாள் அவள் இரண்டாகப் போட்டாள். “ஆறினா வீணாயிடும்” என்று அவர் இரண்டையும் சாப்பிட்டார். ஆரஞ்சு வாங்கி வந்தாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தோல் மட்டும் மேசைமேல் இருந்தது. நல்ல வாசனையான தோல்.

அவள் அந்தத் தோலை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த வாரம் வலி மாத்திரை வாங்கத் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தாள்.

“டாக்டரம்மா என்ன சொன்னாங்க?”

“எனக்கு இனிமே ரத்தம் ஏறாதாம். ஆபரேஷனை மறந்துடச் சொல்லிட்டாங்க.”

சூப்பர்வைசர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள மிகவும் பாடுபட்டார். “அடடா! சரி விடு. நம்ம கையில என்ன இருக்கு?”

“ஆனா உங்களைப் பத்திதான் ரொம்பக் கேட்டாங்க. அன்னைக்கே உங்க கண்ணு வெளுத்திருக்கிறதைக் கவனிச்சாங்களாம். அந்தக் கீரை, பயறு, முட்டை, ஆரஞ்சு எல்லாம் நீங்கதான் சாப்பிடணுமாம். சாப்பாட்டோட டீ கூடவே கூடாதாம்.”

“எனக்கா? எனக்கென்ன கேடு?”

“பக்கத்துலயே உக்காந்து பார்த்துக்கச் சொன்னாங்க.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘செய்’ என்று யாராவது சொன்னால் சூப்பர்வைசருக்குக் கை மரத்துப் போகும். ‘செய்யாதே’ என்றால் கை துறுதுறுக்கும். முந்தின வாரம் தேனாக இனித்த முட்டை, மருந்து என்று சொன்னதும் வேப்பங்காயாகிவிட்டது. அவருக்கு நாற்காலியில் உட்கார்ந்து டீயில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கூட வறுத்த உருளைக்கிழங்கு. முடிந்தது சாப்பாடு.

கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் முறையாக அவள் மேசையில் அவரோடு உட்கார்ந்தாள். அவர் தட்டில் கீரை மலை, பயறு மேடு, ஒரு முட்டை, ஆரஞ்சுச் சுளை. அவள் தட்டில் ரொட்டியும் உருளைக்கிழங்கும் ஒரு கரண்டிக் கீரையும். பக்கத்தில் ஒரு பெரிய டம்ளர் டீ.

“உனக்கு மட்டும் டீயா?”

“எனக்குத்தான் ஏறாதுன்னு சொல்லிட்டாங்களே. குடிச்சா என்ன, குடிக்காட்டி என்ன? நீங்க சாப்பிடுங்க.”

முதல் நாள் கீரையை ஜன்னல் வழியாக வீசினார். கீழ் வீட்டு டெய்லர் வெயிலில் காயப் போட்டிருந்த வெள்ளைத் துணிமேல் அது விழுந்தது. டெய்லர் மேலே ஏறி வந்து, ஊசிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஊசியைவிடக் கூரான சில வார்த்தைகளைச் சொல்லிவிட்டுப் போனார். குப்பைத் தொட்டியோ அவள் வசம். வீட்டில் மிச்சம் இருந்த ஒரே இடம் அவள் தட்டுதான்.

மறுநாள் அவள், “ஐயோ, உப்பு போட மறந்துட்டேன்” என்று எழுந்தாள். டக். சமையலறைக்குள் டக், டக். சூப்பர்வைசர் மின்னல் வேகத்தில் தன் கீரையையும் பயறையும் அவள் தட்டுக்கு மாற்றினார். முட்டையை உருட்டிவிட்டார். சுளைகளைச் செருகினார். அவள் ரொட்டியை இழுத்துக்கொண்டார். டீயை ஒரே மூச்சில் குடித்து, காலி டம்ளரை அவள் பக்கமே வைத்தார். டக், டக். ஆள் வருகிறது. அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, “அப்பா! கீரைன்னா கீரைதான்” என்றார்.

“அதுக்குள்ளயா சாப்பிட்டீங்க? நல்ல பிள்ளை!”

அவள் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அதிலிருந்து தினமும் அவள் உப்பை மறந்தாள். ஒரு நாளும் உப்பை மறக்காதவள். ‘பாவம், வயசாகுது’ என்று சூப்பர்வைசர் உச்சுக்கொட்டினார். சில நாள் உப்பு சட்டென்று கிடைக்காது. இரண்டு டம்ளர் டீ குடிக்கிற நேரம் ஆகும். பார்த்தால் டீயும் அன்றைக்கு இன்னும் பெரிய டம்ளரில் இருக்கும்.

இப்படி ஒரு சாமர்த்தியத்தை எத்தனை நாள்தான் மனசுக்குள்ளேயே பூட்டி வைப்பது? துணி விவகாரம் ஆறிய பிறகு டெய்லரிடம் சொல்லிவிட்டார்.

“அவ மூட்டு இருக்கே, அதுதான் எனக்கு அலாரம். டக்குனு அடிச்சதும் உஷார் ஆயிடுவேன்.”

டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி யோசித்தார். “சரி, அந்தக் கீரை, முட்டை எல்லாத்தையும் அப்புறம் யாரு சாப்பிடுறா?”

“வேற யாரு? அவதான். ஒண்ணும் தெரியாம சாப்பிட்டுக்கிட்டு இருக்கா!”

“டீயை?”

“நான்தான்!”

டெய்லர் அவரை மேலிருந்து கீழ்வரை அளவெடுத்தார். பிறகு ஊசிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு, தைக்கத் தொடங்கிவிட்டார்.

சில மாதங்கள் போயின. சூப்பர்வைசருக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கியது. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டியது. மாடிப்படியை யாரோ உயர்த்திக் கட்டிவிட்டதாக அவர் சந்தேகப்பட்டார். மனைவியோ, காலை இழுத்துக்கொண்டே துணி துவைத்தாள், பரண் துடைத்தாள், பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

ஒரு நாள், “ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாங்க” என்றாள். மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமே என்று அவரும் போனார்.

டாக்டரம்மா புதிய ரத்த அறிக்கையைப் பார்த்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “பிரமாதம்! எப்படிம்மா ஏத்தினீங்க?”

“எல்லாம் இவராலதான் டாக்டர். தன் தட்டுல இருக்கிற கீரை, முட்டை, பழம் எல்லாத்தையும் எடுத்து எனக்கே வெச்சுடுவாரு. ஒரு வாய்கூட சாப்பிட மாட்டாரு. என் டீயைக்கூட எனக்குக் கெடுதல்னு அவரே குடிச்சுடுவாரு.”

“இந்தக் காலத்துல இப்படி ஒரு மனுஷரா!” டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார். நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இன்னொரு நர்ஸைக் கூட்டி வந்து காட்டினாள். சூப்பர்வைசர் மறுக்கவும் முடியாமல், ஒப்புக்கொள்ளவும் முடியாமல், சூடான உருளைக்கிழங்கை வாயில் போட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம். ஆனா ஐயா, நீங்கதான் வெளுத்துப் போய் இருக்கீங்க.”

“அதான் அன்னைக்கே என் கண்ணைப் பார்த்துச் சொன்னீங்களாமே!”

“நானா? அன்னைக்கு உங்களை நான் சரியாப் பார்க்கக்கூட இல்லையே!”

சூப்பர்வைசர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள்.

நர்ஸ் அவருக்கு ரத்தம் எடுத்தாள். அவளுக்கு ஏறிய அளவுக்கு இவருக்கு இறங்கியிருந்தது.

வெளியே நடையில் வந்ததும் அவர் பல்லைக் கடித்தார். “என்னை ஏமாத்திட்டே!”

“நானா? சாப்பிடுங்க, சாப்பிடுங்கன்னு தினமும் கெஞ்சினேனே. சாப்பிட்டிருந்தா உங்க உடம்பு தேறியிருக்கும். வேணாம்னா சொன்னேன்?”

“உனக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்!”

அவள் நின்றாள். டக் என்றது முழங்கால்.

“சொன்னேனே. அந்த முதல் முட்டை ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இருந்தது. மிளகின் காரம்கூட.

“இத்தனை வருஷத்துல நீங்க உங்க தட்டுல இருந்து எனக்கு எடுத்து வெச்சது இது ஒண்ணுதான்” என்றாள் அவள். “அதையும் நான் திரும்பி நிக்கும்போதுதான் வெச்சீங்க.”



ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். விரித்தால் சூப்பர்வைசருக்கு வலிக்கும். நாற்காலி அவளுக்குப் போயிற்று. “அடுப்பைக் குறைங்க”, “கதவைச் சாத்துங்க”, “பால் பொங்குது பாருங்க” என்று அங்கிருந்து குரல் வந்தது. பால் பொங்கத்தான் செய்தது. உப்பு, சர்க்கரை டப்பாவில் இருந்தது. சர்க்கரை எங்கே இருந்தது என்பதை அவளுடைய ஓய்வுக் காலம் முடிகிற வரைக்கும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

அவள் எழுந்து நடந்த அன்று, பழையபடி அவளே சமைத்தாள். அவர் தட்டில் கீரை மலை, பயறு மேடு, முட்டை, ஆரஞ்சு. இந்த முறை டாக்டரம்மா நிஜமாகவே சொன்னது. அவள் பக்கத்தில் டீ டம்ளரில் ஆவி பறந்துகொண்டிருந்தது.

சூப்பர்வைசர் ஒரு வாய் வைத்தார். முகத்தைச் சுளித்தார். மூளை பழைய வேகத்தில் ஓடியது.

“உப்பு கம்மியா இருக்கே!”

“அப்படியா? இருங்க, எடுத்துட்டு வரேன்.”

அவள் எழுந்து போனாள். அவர் காதைச் சமையலறைப் பக்கம் தீட்டி வைத்துக்கொண்டு கீரையை அள்ளினார். சத்தம் இல்லை. நிறைய நேரம் இருக்கிறது. பயறையும் அள்ளினார். சத்தம் இல்லை. முட்டையை உருட்டிவிட்டு, நிதானமாக, ராஜா மாதிரி டீக்குக் கையை நீட்டினார்.

முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து டம்ளரை நகர்த்தியது. முட்டை அவர் தட்டுக்கே திரும்பி வந்தது.

“அந்த ‘டக்’ வரும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா? அதை ஆஸ்பத்திரியிலயே வெட்டி எடுத்துட்டாங்க. சாப்பிடுங்க.”