மௌன நேரத்தில் வந்த அப்பா

அடங்கியே பழகியவனுக்குத் திடீரென்று விடுதலை கிடைத்தால், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்துகொள்வான். நான் உட்கார்ந்தேன்.

அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வேங்கிக்காலில் இருந்த எங்கள் வீட்டில் உத்தரவு, அனுமதி, விசாரணை, தண்டனை எல்லாம் உண்டு. மேல்முறையீடு மட்டும் கிடையாது. (அம்மாவிடம் மனு கொடுக்கலாம். தோசை கிடைக்கும், தீர்ப்பு மாறாது.) நண்பர்களோடு சாத்தனூர் அணைக்குப் போவதென்றாலும், "பர்மிஷன் கேட்டியா?" என்பார். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

ஒருநாள் தாடியை எடுக்கச் சொன்னார். தாடியோடு வீட்டைவிட்டு வெளியேறினேன்.

செங்கம் சாலையில், தியானத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதியில் ஓர் அறை பிடித்தேன். அப்பாவின் எண்ணையும் சொந்தக்காரர்கள் எண்களையும் பிளாக் செய்தேன். அம்மாவும் அப்பாவின் போனில்தான் பேசுவாள் என்பது அந்தப் புரட்சியாளனுக்கு நினைவில்லை.

விடுதி வாசலில் ஒரு போர்டு. காலையில் மௌன நேரம். மணி அடிக்கும்வரை பேசக்கூடாது, கதவைத் தட்டக்கூடாது. வீட்டைவிட இங்கே சட்டம் ஜாஸ்தி. ஆனால் நானே விரும்பி ஏற்ற சட்டம் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். (அறிவாளி!)

அந்த வாரமே ஒரு காலையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், அப்பா நிற்கிறார். நான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஏட்டுக்கு எவ்வளவு நேரமாகும்? போர்டை ஒவ்வொரு வரியாகப் படித்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, சிமெண்ட் பெஞ்சில் கைகளை முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்தார்.

சரணடைய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தாடி ஜெயித்துவிட்டது! அவர் நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தபோது திரையை இழுத்துவிட்டேன். காத்திருக்கட்டும் என்று கட்டிலில் படுத்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் கதவு தட்டப்பட்டது.

"அம்மாவுக்குக் கால்ல புண்ணு. சக்கரை ஏறிப்போச்சு. இன்னைக்கு விரலை எடுக்கணும்னுட்டாங்க. ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்கு முன்னாடி உன்னைப் பாக்கணும்னா. சித்தியைத் துணைக்கு விட்டுட்டு ஓடியாந்தேன்."

"இவ்ளோ நேரம் ஏம்ப்பா சும்மா ஒக்காந்திருந்தீங்க? தட்டியிருக்கலாம்ல?"

"போர்டு வெச்சிருக்காங்களேடா."

குரலில் கிண்டல் இல்லை. எங்களை மிரட்டிய மனிதர் ஒரு தகரப் பலகைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தார். வாழ்நாளெல்லாம் அவரும் யாருக்கோ பயந்தவர்தான் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அம்மாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

"உள்ள அனுமதி இல்லைங்க," என்றார் வாசலில் இருந்தவர்.

அப்பா உடனே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்மா என்னைப் பார்க்காமலே போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது.

அம்மா பிழைத்தாள். கால்விரல் ஒன்று போனது. நான் வீடு திரும்பினேன். (தாடி என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள்.)

இன்றும் நான் சுதந்திரம், உரிமை என்று ஆரம்பித்தால் அம்மா விரல் போன காலை நீட்டிக் காட்டுவாள்.

"இந்த வீட்ல உங்கப்பாவுக்கு அடங்காம வெளிய போனது இது ஒண்ணுதான்டா. நீகூடத் திரும்பி வந்துட்ட."