ஏழு நிமிடமும் நான்கு விநாடியும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

“இருபத்திரண்டு வருஷமா என் ரேடியோ ரூமை எட்டிக்கூடப் பாக்காதவ, இப்ப ஏம்மா இந்தப் பாடு படறே?” என்று உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். மூன்று நாள் யோசித்தேன். பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவது என் பழக்கம். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் புட்டிகளுக்கு நடுவே இத்தனை ஆண்டுகளாக அதைத்தான் செய்துவருகிறேன்.

இங்கே நானும் உங்கள் மகனும் நலம். மொட்டைமாடி ஆன்டெனாக் கம்பமும் நலம். போன வாரக் காற்றில் ஆடியதே தவிரச் சாயவில்லை. அங்கே உங்கள் முழங்காலும், அதைப் பற்றி மணிக்கொரு தரம் விசாரித்துக்கொண்டிருக்கும் என் நாத்தனாரும் நலமாக இருக்கவேண்டும்.

நாளை காலை ஏழு மணிக்குச் சோதனை. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அது முடிந்திருக்கும். ஆனாலும் முடிவை முந்தின நாள் மாலையே எழுதித் தேதி போட்டு வைக்கிறேன்: வெற்றி பெறும். பிறகு யாரும், குறிப்பாக நீங்கள், கதையை மாற்றிச் சொல்லக்கூடாது என்பதற்காக ஒப்பந்தத்தையும் எழுதிவிடுகிறேன். மொட்டைமாடி ஏணியின் மூன்றாம் படியிலிருந்து (உங்கள் கணக்கில் இரண்டாம் படி) நீங்கள் விழுந்தபிறகு, இனி மாடிப்படியே கூடாது என்றார் டாக்டர். “யானைக்கும் அடி சறுக்கும் பெரியவரே” என்று அவர் ஆறுதல் சொன்னதற்கு, “யானை ஏணியில ஏறாது டாக்டர், அதனாலதான் அதுக்கு ஆன்டெனா இல்ல” என்றீர்கள். ரேடியோ அறை மொட்டைமாடியில் இருப்பதால், லிப்ட் உள்ள மகள் வீட்டிலேயே இருந்துவிடுங்கள் என்று உங்கள் மகனும் மகளும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அங்கே நீங்கள் இரண்டு நாள் சாப்பிடும்போது மட்டும் வாயைத் திறந்தீர்கள். மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும், “ரேடியோவுல மாட்டற அந்தச் சின்னக் கம்ப்யூட்டர் வழியா வீட்டோட தினம் காலையில பேச முடியும்னு இவ நிரூபிச்சுட்டா, நான் இங்கேயே இருந்துக்கறேன். சோதனை அன்னிக்கு ஏழுலேருந்து ஏழரைக்குள்ள ஒரு எழுத்து வரலேன்னா, அடுத்த பஸ்ஸுல வீட்டுக்கு வந்துடுவேன். யாரும் குறுக்க பேசக்கூடாது” என்றீர்கள். ஒப்பந்தத்தில் என் பங்கு பெட்டிகளைச் செய்து கொடுப்பது மட்டுமே. வீட்டைக் கட்டுகிற கொத்தனாரிடம் யார் குடியேற வேண்டும் என்று கேட்பதில்லை. அதனால் என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த முறைமேல் உங்களுக்கு மரியாதை இல்லை என்பது தெரியும். மோர்ஸ் கீயில் தந்தி தட்டித் தட்டி விரல் தேய்ந்தவர் நீங்கள். “பெட்டியும் பெட்டியும் பேசிக்கும், மனுஷன் ஓரமா உக்காந்து டீ குடிக்கலாம்” என்று எழுதியிருந்தீர்கள். குடிக்கலாம்தான். நாம் தட்டுகிற எழுத்தைச் சிறு கணினி சீட்டி ஒலியாக்கி ரேடியோவிடம் கொடுக்கிறது. நம் காதுக்கு இரைச்சலாக மட்டுமே படுவதிலிருந்து மறுபக்கத்துப் பெட்டி எழுத்தைப் பொறுக்கி எடுக்கிறது. பதினைந்து விநாடிக்கு ஒருவர் முறை. நான் இங்கிருந்து ‘கேட்கிறதா’ என்று கேட்டால், நீங்கள் குளித்துக்கொண்டிருந்தாலும் உங்கள் பெட்டி தானாகவே ‘கேட்டேன், இவ்வளவு பலத்தில்’ என்று ஓர் எண்ணோடு பதில் சொல்லும். மைனஸ் இருபதுக்குக் கீழே போனால் சந்தேகம். அதற்கு மேலே இருந்தால் எழுத்து எழுத்தாக வந்துசேர்ந்தது என்று பொருள். இதைத்தான் நீங்கள் பெட்டி அரட்டை என்று கேலி செய்தீர்கள். எனக்கு இதில் பிடித்ததே அதுதான். மனிதர் யாரும் வாயைத் திறக்காமல் கிடைக்கிற சாட்சி.

இந்த நிலைக்கு வருவதற்குள் நடந்தவை உங்களுக்கு அரைகுறையாகத்தான் எட்டியிருக்கும், அதுவும் உங்கள் மகன் வாய்வழியாக, ஆகவே முறையாக எழுதுகிறேன். முதல் ஒன்பது நாள் யாரிடமிருந்தும் ஓர் எழுத்தும் வரவில்லை. திரையில் அலைகள் கோடு கோடாக மழைபோல் இறங்கிக்கொண்டிருந்தன, அவற்றைப் படிக்கத்தான் பெட்டிக்கு மனம் இல்லை, நான் கேபிளை மாற்றினேன், மாற்றிய கேபிளை மாற்றினேன், ஏணிக்காரரைக் கம்பத்தில் மூன்று முறை ஏற்றி இறக்கினேன், மூன்றாம் முறை அவர் “மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, கீழ பாருங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், பிறகு பெட்டி விற்ற கடைக்கு இரண்டு பக்கப் புகார் எழுதினேன், அதற்குக் கடைக்காரர் தொலைபேசியில், “மேடம், உங்க பெட்டிக்கு மணி தெரியுமான்னு பாத்தீங்களா?” என்று கேட்டார். கொழுப்பு என்று நினைத்துத் தொடர்பைத் துண்டித்தேன். கொழுப்பு இல்லை. இந்தச் சிறு கணினிக்குச் சொந்தமாகக் கடிகாரம் கிடையாது. இணையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளும், இணையம் இல்லாவிட்டால் மின்சாரம் போன நொடியோடு உலகம் நின்றுவிட்டதாக நம்பும். ‘இன்டர்நெட் இருந்தா ரேடியோ எதுக்கு’ என்பது உங்கள் வேதவாக்கு என்பதால் இணைய இணைப்பே கொடுக்காமல், கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நான்தான் கையால் மணி வைத்தேன். உங்கள் மகன் அலுவலக பஸ்ஸைத் தவறவிடக்கூடாதென்று அந்தக் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் ஓட விட்டவர் நீங்கள். அது தெரிந்த விஷயம், ஆகவே கவனமாக ஏழு நிமிடத்தைக் கழித்தேன். ஏழு நிமிடத்துக்கு மேல் நான்கு விநாடியும் சேர்ந்து ஓடுகிறது என்பது வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம். இதில் வேடிக்கை, இந்த முறைக்கு ஏழு நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. ஏழு நிமிடத்தில் இருபத்தெட்டுப் பதினைந்து விநாடிகள் மிச்சமில்லாமல் அடங்கிவிடுகின்றன, நான் கழிக்காமலே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் முறை தொடங்கும் விநாடி பிசகினால் பெட்டிக்கு எதுவும் புரியாது; கழுத்தை அறுத்தது அந்த நான்கு விநாடி. இப்போது இரண்டு பெட்டிகளுக்கும் பொத்தான் பாட்டரியோடு கடிகாரம் வைத்தாயிற்று, செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்கும் சிறு வில்லை ஒன்றையும் ஜன்னலில் ஒட்டியாயிற்று. கடைக்காரருக்கு அரைப் பக்கத்தில் மன்னிப்பும் எழுதியாயிற்று.

எழுத்து வரத் தொடங்கியதும் நாம் பதில் அனுப்பவேண்டும் அல்லவா. அனுப்பினேன், பக்கத்து வீட்டுப் பல் டாக்டரின் அழைப்புமணி அடித்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி அடித்தது. அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் சுற்றுச்சுவருக்கு வந்து, “மேடம், பேஷன்ட் வாயைத் திறந்தா மணி அடிக்குது, மூடினா நின்னுடுது. தன் பல்லுலதான் என்னவோ இருக்குன்னு அவர் அழறார்” என்றார். அலை போகக்கூடாத கம்பிவழியே போகிறது என்று புரிந்து, கம்பிகளில் அலையைத் தடுக்கும் கருப்பு வளையங்கள் ஏழு மாட்டி, ரேடியோவின் பலத்தையும் பாதியாகக் குறைத்தேன். நோயாளிகள் இப்போது பயமில்லாமல் வாயைத் திறக்கிறார்கள். அது முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் உங்கள் மகன், நான் பரிசோதனைக் கூடத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கணினி சும்மாதானே இருக்கிறது என்று அதில் மூச்சுப் பயிற்சி வகுப்பைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். சத்தம் வந்தால் ரேடியோ தானாகவே ஒலிபரப்பும்படி நான்தான் அமைத்திருந்தேன். “மூச்சை மெதுவாக இழுங்கள், தோளைத் தளர்த்துங்கள்” என்பது ஆறு நிமிடம் வானத்தில் போயிருக்கிறது. “நான் ஒண்ணுமே பண்ணலையே, மூச்சுதானே விட்டேன்” என்றார். மூன்று வாரம் கழித்து, கடல் தாண்டி எங்கிருந்தோ முன்பின் தெரியாத ஒருவர் அட்டை அனுப்பினார்: தெளிவாகக் கேட்டதாம், பயிற்சியைத் தானும் செய்ததாம், முதுகுவலிக்குத் தேவலையாம். இப்போது கணினியின் எல்லாச் சத்தங்களையும் அடைத்துவிட்டேன், உங்கள் மகனின் சத்தத்தைத் தவிர.

உங்கள் பக்கத்துப் பெட்டியை நானே வந்து பொருத்தினேன், பால்கனி நெடுகக் கம்பியும் கட்டினேன், மறுநாளே அதில் எட்டுத் துண்டுகள் ஈரமாகத் தொங்கின. “அண்ணி, கொடி நல்லா இழுத்துக் கட்டியிருக்கீங்க, ரொம்ப சௌகரியம்” என்று நாத்தனார் நன்றி சொன்னாள். அது கொடியில்லை என்று விளக்கியதும், “அப்ப இந்தப் பெட்டி சூடா இருக்கே, அதையாவது அணைச்சுடட்டுமா?” என்றாள். இரண்டையும் தொடாதே என்று எழுதி ஒட்டச் சொன்னேன். ஒட்டியிருக்கிறாள், துண்டுகளுக்குப் பக்கத்தில்.

இன்னொன்று. உங்கள் ரேடியோ, மேசை, நாற்காலி, மோர்ஸ் கீ எல்லாவற்றையும் மொட்டைமாடியிலிருந்து இறக்கி, தரைத்தளத்தில் வாசலை ஒட்டிய என் வாசிப்பறையில் வைத்துவிட்டேன். கேபிள் நீளம் அப்போதுதான் பொருத்தமாக அமைகிறது. என் புத்தகங்கள் மேலே போயின. வாசலில் இருந்த இரண்டு படிகளையும் கொத்தனாரை வைத்துச் சரிவாக்கியிருக்கிறேன், மேசையை உருட்டிக்கொண்டு வருவதற்காக. சரிவின் ஓரத்தில் ஒரு கைப்பிடிக் குழாயும் இருக்கிறது. அதுவும் மேசைக்காகத்தான்.

ஆக, மணி சரி, சத்தம் சரி, வளையம் சரி, கம்பி, துண்டுகள் போக, சரி. நான்கு நாளாகக் காலை ஏழு மணிக்கு அலை எப்படி இருக்கிறது என்று பார்த்துவருகிறேன். உங்கள் ஊர்த் திசையிலிருந்து இதே பலத்தில் ஒலிபரப்புகிறவர்களின் எழுத்துகள் நான்கு நாளும் தெளிவாக வந்தன. நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை என்பதை நீங்களே பலமுறை பலர் முன்னிலையில் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன்: நாளை ஏழு மணிக்கு என் எழுத்து உங்கள் திரையில் வரும். நீங்கள் ஒப்பந்தப்படி அங்கேயே இருக்கலாம். உங்கள் மகனுக்கு நிம்மதி, நாத்தனாருக்கு நிம்மதி. வீட்டில் எல்லாம் உங்கள் உதவி இல்லாமலே ஒழுங்காக ஓடுகிறது என்பதைத் தெரிவிக்கத்தான் இவ்வளவும்.

மாத்திரைகளைக் கிழமை பார்த்துப் போடவும். நாத்தனாருக்கு என் அன்பு. அவளைத் துண்டுகளை எடுக்கச் சொல்லவும். உங்கள் ஆசியை எதிர்பார்க்கும்,

மருமகள்

பின்குறிப்பு (மறுநாள், நண்பகல்):

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு ‘கேட்கிறதா’ என்று அனுப்பினேன். ஒரு நிமிடத்துக்குள் உங்கள் பெட்டி பதில் சொன்னது: கேட்டேன், மைனஸ் பதினொன்று. ஏழு ஆறுக்கு மறுபடி கேட்டேன்: மைனஸ் பன்னிரண்டு. ஏழு பதினொன்றுக்கு மைனஸ் பதினொன்று. அதன்பின் ‘வணக்கம் மாமா, சாப்பிட்டீங்களா’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பிவிட்டு, நீங்கள் தட்டப்போகும் பதிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. ஏழு முப்பத்தொன்றுக்கு உங்கள் மகனின் கைபேசி அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு அவர் வாசிப்பறைக்கு வந்து நின்றார்.

“ஒண்ணும் வரலம்மா. அரை மணி நேரமா உக்காந்திருக்கேன். ஒரே இரைச்சல்.”

“ஒரு எழுத்துகூட வரலையா மாமா?”

“ஒரு எழுத்து வரல. சாப்பிட்டீங்களான்னு ஒரு வரி வந்திருந்தாக்கூட நான் பேசாம இருந்துடுவேன். அதுகூட வரலியே.”

பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் கேட்டது: “அண்ணி, அப்பா ஆறரைக்கே சூட்கேஸை மூடி லிப்ட் வாசல்ல வச்சுட்டார்.”

உங்கள் மகன் என்னைப் பார்த்தார். “இங்க ஏதாவது வந்துதா?”

என் முதுகுக்குப் பின்னால் திரையில் மூன்று வரிகளும் வரிசையாக இருந்தன. நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டேன். “ஒண்ணும் வரல” என்றேன்.

“அப்ப உன் கணக்கு?”

“தப்பு.”

அவர் பக்கத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இருபத்திரண்டு வருஷத்துல இந்த வார்த்தையை உன் வாயால இப்பத்தான் கேக்கறேன்” என்றார். அந்த அதிர்ச்சியில் ஒப்பந்தத்தைப் பற்றிக் குறுக்கே பேச அவருக்குத் தோன்றவில்லை.

மாமா, உங்கள் பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதை அணைத்துவிட்டு அல்லவா நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். பதிவேட்டில் மூன்று எண்களும் அப்படியே இருக்கின்றன. எழுதிய பதிவை அழிக்க எனக்குக் கை வராது, பக்கத்தை மட்டும் திருப்பி வைத்திருக்கிறேன். கேபிளைப் பற்றி மேலே நான் எழுதிய காரணமும் தவறு. மொட்டைமாடியிலிருந்து தரைத்தளம் வரை இழுத்தால் கேபிளில் இழப்பு கூடத்தான் செய்யும். இது உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். மேசை, சரிவு போடுவதற்கு ஒரு வாரம் முன்பே உள்ளே வந்துவிட்டது.

இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கவில்லை. மோர்ஸ் கீயின் அடியில் வைக்கிறேன்; உங்கள் மகன் அதைத் தொடமாட்டார். உங்கள் பஸ் பன்னிரண்டரைக்கு இங்கே வந்துசேரும். அவர் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, நேரமாகிவிட்டது என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இப்போதுதான் கிளம்பிப் போனார். கடிகாரத்தை நான் இன்னும் திருத்தவில்லை. ஏழு நிமிடமும் நான்கு விநாடியும் முன்னதாகவே நிலையத்தில் நிற்பார்.