குப்புறக் கிடந்த டாக்டர்

பிறருடைய அறிவை அளப்பது எனக்குப் பிடித்த வேலை. அதில் ஒரு வசதி, அளக்கிறவனுடைய அறிவை யாரும் கேட்க மாட்டார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில், உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் புது டாக்டராகச் சேர்ந்தபோது அப்படித்தான் நம்பினேன்.

அங்கே ஓர் அறைக்குத் ‘தீவிர சிகிச்சைப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே இரண்டு கட்டில், ஓர் ஆக்ஸிஜன் சிலிண்டர், மாஸ்க்கோடு கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் ஒரு பை. (சுவாசம் கொடுக்கும் மெஷின் வரும் என்றார்கள். நான் மாற்றலாகிப் போகும்வரை பலகைதான் வந்திருந்தது.) அந்த அறைக்கு மேலிடத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துச் செயற்கைச் சுவாசம் கொடுப்பது பற்றி ஊழியர்களின் அறிவையும் மனப்பான்மையையும் மதிப்பிட்டு அனுப்ப வேண்டுமாம்.

ஊழியர்கள் இரண்டே பேர். நர்ஸ் எஸ்தர், வார்டு உதவியாளர் முனுசாமி.

“குப்புறப் படுக்கவைப்பதை ஆதரிக்கிறீர்களா?” என்று படித்தேன்.

“பெரிய ஆபீஸ்ல இன்னா சார் நெனைக்கிறாங்க?” என்றார் முனுசாமி.

“ஆதரிக்கிறாங்க.”

“அப்போ நானும்தான். போட்டுக்கோ சார்.”

எஸ்தர் சிஸ்டர் அப்படி விடவில்லை. “நம்மகிட்ட மெஷின் இல்ல. மூஞ்சி கீழ கீது. மாஸ்க்கை எப்படிப் புடிச்சிக்கினு பையை அமுக்கறது சார்?”

மிக நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. ஆகவே ‘அறிவு: குறைவு, மனப்பான்மை: எதிர்ப்பு’ என்று எழுதிவிட்டு, செய்தே காட்டுகிறேன் பேர்வழி என்று நானே கட்டிலில் ஏறிக் குப்புறப் படுத்தேன்.

முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டேன். நோயாளி திமிறினால் உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று முனுசாமிக்குப் பாடம் சொன்னேன். பிறகு மாஸ்க்கைப் பட்டையால் தலையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அத்தோடு என் பேச்சு நின்றது. இதற்குள் சிஸ்டரை வெளியே யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

வலது கை மார்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் முனுசாமி பையை அமுக்கி உள்ளே அனுப்பினார். திமிறினேன். அவர் என் முதுகில் முழங்காலை ஊன்றி உறுதியாகப் பிடித்துக்கொண்டார். (அறிவு: முழு மதிப்பெண்.)

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் வந்து நின்றார். தன் பெண்ணுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையை, அதாவது என்னை, சொல்லாமல் கொள்ளாமல் பார்த்துப் போகலாம் என்று பக்கத்தில் பெருநகர் என்ற ஊரிலிருந்து பஸ் ஏறி வந்தவர்.

“டாக்டர் எங்கப்பா?”

“இவுருதான்,” என்றார் முனுசாமி, முழங்காலை எடுக்காமல்.

வணக்கம் சொல்ல இடது கையைத் தூக்கினேன். முனுசாமி அதையும் மடக்கினார்.

திரும்பி வந்த எஸ்தர்தான் பட்டையை அவிழ்த்துவிட்டு ஓடிப்போய், வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவரை நிறுத்தினார். “அவருக்கு வியாதி ஒண்ணும் இல்லீங்க. எங்களுக்குப் பாடம் எடுத்துக்கினு இருந்தாரு.”

“வியாதியா இருந்தாக்கூட வைத்தியம் பாத்துக்கலாம்மா,” என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

படிவத்தில் சிஸ்டரைப் பற்றி எழுதியதை அடித்துவிட்டு, அவர் கேட்ட கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன். மேலிடத்திலிருந்து பதில் வரவில்லை. பெருநகரிலிருந்து வந்தது. நடந்ததைக் கேட்ட பெண், சிரித்து ஓய்ந்தபின் அப்பாவிடம் கேட்டாளாம்:

“அவரு திமிறினாரா நைனா?”

“நல்லாத் திமிறினாரு.”

“அப்போ உசுரு கீது. பேசி முடிச்சிடு.”

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் வீட்டில் யாருக்காவது நான் அறிவுரை சொல்ல ஆரம்பித்தால், உள்ளேயிருந்து அவள் குரல் அமைதியாக வரும்: “யாராவது அந்த மனுசனைக் குப்புறப் போடுங்க.”