பெயர் வெட்டாத பாத்திரம்

எந்த வரைபடத்திலும் அகப்படாத வெண்கலநாட்டில் சேதி என்றால் அது பாத்திரத்தில்தான் போகும். ஓலை நறுக்கில் எழுதி உள்ளே வைப்பார்கள், மேலே ஒரு கை முறுக்கோ அதிரசமோ போட்டு மூடி அனுப்புவார்கள். வாங்கியவர் பாத்திரத்தைத் திருப்பும்போது தம் வீட்டுப் பலகாரம் எதையாவது போட்டுத் திருப்ப வேண்டும். வெறும் பாத்திரத்தைத் திருப்புவது அந்த நாட்டில் வாசலில் நின்று திட்டுவதைவிடப் பெரிய அவமானம்.

மன்னர் அதிகாரவல்லபருக்கு மக்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்திலும் அனுப்புகிறவர் பெயரை வெட்ட வேண்டும் என்று முதல் ஆணை பிறந்தது. "தன் பெயரைச் சொல்ல அஞ்சுகிறவன் குற்றவாளி. அஞ்சாதவனை நாம் விசாரித்துக்கொள்வோம்" என்று மகாமந்திரி நெடுஞ்செவியர் அவையில் விளக்கம் தந்தார். அவையோர் பாராட்டினார்கள்.

கீழத்தெருச் சின்னமுத்து அஞ்சாதவன். மன்னரின் மைத்துனர் நடத்திய சாயப்பட்டறைக் கழிவு தெருக் கிணற்றில் இறங்குகிறது என்று, சந்தையில் சேதி வாசிக்கும் முரசுக்காரருக்கு எழுதி அனுப்பினான். பாத்திரத்தில் அவன் பெயர் பளபளவென்று இருந்தது. அது சந்தைக்குப் போய்ச் சேரவில்லை. சின்னமுத்துவை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

இந்தக் காலத்தில்தான் சந்தை மூலையில் செங்கமலமும் வேலாயுதமும் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். இருவரும் முன்பு அரண்மனைப் பாத்திரக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். மன்னரின் ஒற்றர்களுக்காக மூவடுக்குச் சம்புடம் என்று ஒன்றைச் செய்தவர்கள் அவர்கள்தான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சம்புடங்கள், மூன்று பூட்டுகள். வெளிச் சம்புடத்தை முதல் வீட்டுச் சாவிதான் திறக்கும். அந்த வீட்டார் உள்ளே இருப்பதை அடுத்த வீட்டுக்கு அனுப்புவார்கள், அவர்கள் மூன்றாம் வீட்டுக்கு. மூன்றாம் வீட்டார் கடைசிச் சம்புடத்தைத் திறந்து ஓலையை உரியவரிடம் சேர்ப்பார்கள். முதல் வீட்டாருக்கு அனுப்பியவரைத் தெரியும், சேதி தெரியாது. மூன்றாம் வீட்டாருக்குச் சேதி தெரியும், அனுப்பியவரைத் தெரியாது. நடுவில் இருப்பவருக்கு இரண்டுமே தெரியாது. மனிதர் மூளையில் உதித்த அழகான காரியங்களில் இதுவும் ஒன்று என்று நான் சத்தியமே செய்வேன்.

ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் ஒற்றர்கள் மட்டுமே. பக்கத்து நாட்டுக் காவலர்கள் மூவடுக்கைக் கண்டார்கள், ஆளைப் பிடித்தார்கள். மன்னர் பழியைப் பாத்திரத்தின் மீது போட்டுக் கூடத்தைக் கலைத்துவிட்டார்.

ஒரு நாள் கீழத்தெருப் பொன்னையா கடைக்கு வந்தார். அவர் மகள் வடிவு வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அதே கதிதான். சின்னமுத்து சொல்ல வந்ததை அவர் சொல்ல வேண்டும், ஆனால் சின்னமுத்து போன இடத்துக்குப் போகக்கூடாது.

வேலாயுதம் மூவடுக்கை எடுத்து வைத்து, பதினான்கு விதிகளையும் ஒப்பித்தார். எந்த மூடியை எந்தப் பக்கம் திருகுவது, எந்தச் சாவியை எப்போது எடுப்பது, மெழுகை எங்கே வைப்பது என்று நீண்டுகொண்டே போயிற்று. பொன்னையா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு தம் வீட்டு அடையாளத்தை வெளி மூடியில் ஒட்டி, ஓலையை வெளிச் சம்புடத்திலேயே போட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இப்படியே அனுப்பியிருந்தால் பொழுது சாய்வதற்குள் காவலர் வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்.

"என் தப்புதாம்மா. எனக்குப் புத்தி மட்டு" என்றார் பொன்னையா.

"உங்க தப்பு இல்லண்ணே. மூடியோட தப்பு" என்றாள் செங்கமலம். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. அவளுக்கு உள்ளே எரிந்தது. இத்தனை கெட்டிக்காரத்தனமாக ஒன்றைச் செய்துவிட்டு, அது தேவைப்படுகிற ஒரு மனிதர் கையில் நிற்காதபடி செய்திருக்கிறோமே என்று தன் மேலேயே கோபம் வந்தது.

அன்றிலிருந்து அவள் ஒரு மூடி செய்வதும், பொன்னையா வந்து முயன்று பார்ப்பதும், அவர் கை தடுமாறிய இடத்தை அவள் உளியால் சரிசெய்வதுமாகப் போயிற்று. விதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வீடுகளை அனுப்புகிறவர் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை, கடையிலேயே மூன்று வீட்டுப் பூட்டுகளோடு அடுக்கு தயாராக இருக்கும். மூடியை எந்தப் பக்கம் திருகினாலும் பூட்டும். கடைசியில் வை, மூடு, அனுப்பு என்ற மூன்று மட்டும் மிஞ்சின.

பொன்னையா ஓலையை எடுத்தார். செங்கமலம் அவர் கையைத் தடுத்தாள்.

"இப்ப வேண்டாம். ஊர்ல இதைத் தூக்கிட்டுப் போற ஒரே ஆளு நீங்கன்னா, பேரை வெட்டி அனுப்புறதும் இதுவும் ஒண்ணுதான்."

"என் மக அங்க துடிச்சிட்டுக் கிடக்கிறாம்மா! இன்னும் எத்தனை நாள் பொறுக்கச் சொல்றீங்க?"

செங்கமலம் தன் வீட்டுக் கிணற்றைக் கீழத்தெருவுக்குத் திறந்துவிட்டாள். அது ஒரு தெருவுக்குக் காணாது என்று இருவருக்கும் தெரியும். பிறகு சம்புடங்களின் இடைவெளியில் முறுக்கு வைக்க இடம் விட்டாள். எந்த வீட்டில் திறக்கிறார்களோ அந்த அடுக்கு முறுக்கு அவர்களுக்கு. சேதியைக் கடத்திவிடும் சிரமத்துக்கு அதுதான் கூலி.

வேலாயுதத்துக்குப் பொறுக்கவில்லை. "நாத்தனார்களுக்கு முறுக்கு அனுப்பவா நான் ராப்பகலா இந்தப் பூட்டைச் செஞ்சேன்?"

"முறுக்கு போனாத்தான் பொன்னையா ஓலையும் போகும், வேலாயுதம்."

முறுக்கு போயிற்று. மாமியாரைப் பற்றிய புலம்பல் போயிற்று. காதல் ஓலைகள் சொல்லவே வேண்டாம். யாரிடமும் கேட்கக் கூசுகிற வியாதிகளுக்கு மருத்துவரிடம் மருந்து கேட்டார்கள். நாட்டில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் பெயர் வெட்டாத மூவடுக்கு ஒன்று யாருடைய இடுப்பிலாவது போய்க்கொண்டிருந்தது. பெயர் வெட்டாத எல்லாரையும் பிடிப்பதென்றால் நாட்டையே சிறையில் அடைக்க வேண்டியிருந்தது.

நெடுஞ்செவியர் விழித்துக்கொண்டார். சுவைப்புத்துறை என்று ஒன்று உதயமாயிற்று. எல்லாச் சம்புடத்தையும் வழியில் மறித்து, உடைத்து, பலகாரத்தை ருசி பார்த்து, சேதியைப் படிப்பது அதன் கடமை. பிள்ளைகளுக்கு வைத்த பலகாரமெல்லாம் சுவைப்பாளர்கள் வயிற்றுக்குப் போயிற்று. துறைக்கும் சேர்த்துச் சமைக்காத வீடு அபராதம் கட்டியது. "இதுவரை அகப்பட்ட சதிகள் யாவை?" என்று மன்னர் கேட்டபோது, மூல நோய்க்கு மருந்து கேட்டவர் ஒருவர் பிடிபட்டிருப்பதாகவும், கையெழுத்து சேனாதிபதியின் கையெழுத்தை ஒத்திருப்பதாகவும் துறைத்தலைவர் பணிவோடு தெரிவித்தார். சேனாதிபதி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துறை வயிறு உப்பிப் படுத்துவிட்ட ஒரு பகலில், கூட்டத்தோடு கூட்டமாகப் பொன்னையாவின் ஓலை கிளம்பியது. அடுத்த சந்தையில் முரசுக்காரர் அதை வாசித்தார். எந்தப் பட்டறை, எந்த வாய்க்கால், எந்தக் கிணறு, படுத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லாம் அதில் இருந்தன. பெயர் மட்டும் இல்லை. ஊரே கடப்பாரையோடு போய் வாய்க்காலை மூடிற்று. வடிவு எழுந்து நடமாட நாள் பிடித்தது, ஆனால் நடந்தாள்.

"தடை செய்யுங்கள் அந்தப் பாத்திரத்தை!" என்று மன்னர் சிம்மாசனத்தில் குத்தினார்.

சேனாதிபதி தொண்டையைச் செருமினார். "அரசே, நம் ஒற்றர்கள் மறுபடியும் அதில்தான் சேதி அனுப்புகிறார்கள். எல்லை தாண்டும் வண்டிகளிலெல்லாம் இந்தப் பாத்திரம் இருப்பதால் இப்போது ஒருவர்கூடப் பிடிபடுவதில்லை. மக்கள் கையிலிருந்து அதைப் பிடுங்கினால், வைத்திருப்பவன் நம் ஒற்றன் என்று குழந்தையும் சொல்லிவிடும்."

நெடுஞ்செவியர் நடுவழி ஒன்றைக் கண்டுபிடித்தார். சம்புடத்தில் பலகாரம் கூடாது, எல்லாப் பாத்திரங்களும் இனி வெறுமையாகவே திருப்பப்பட வேண்டும். அன்று மாலையே அரசியாரின் தாய்வீட்டிலிருந்து பலகாரப் பாத்திரம் ஒன்று வந்தது. அரசியார் அதைக் கையில் வைத்துக்கொண்டு அவைக்கே வந்துவிட்டார். "எங்கம்மாவுக்கு வெறும் பாத்திரத்தைத் திருப்பி அனுப்பச் சொன்ன மகராசன் யாரு?" என்று அவர் கேட்டதும், மன்னர் விரல் மகாமந்திரியின் பக்கம் நீண்டது. ஆணையும் போயிற்று, சுவைப்புத்துறையும் போயிற்று, நெடுஞ்செவியரின் பதவியும் போயிற்று.

சில நாள் கழித்து, முக்காடு போட்ட ஒருவர் கடைக்கு வந்தார். முக்காட்டுக்கு வெளியே காதுகள் தெரிந்தன. புது மூடி ஒன்றை முயன்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னையா விறைத்துப்போனார்.

"இதில் அனுப்பியவர் பெயர் எங்கும் வராது அல்லவா?" என்று வந்தவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"வராதுங்க" என்றாள் செங்கமலம்.

பொன்னையா செங்கமலத்தைக் கடைக்குள் இழுத்தார். "அம்மா, அந்த ஆளும்மா! சின்னமுத்துவை..."

"தெரியுதண்ணே" என்றாள். "ஆளைப் பார்த்துக் குடுக்கிறதா இருந்தா, இதுக்கும் சுவைப்புத்துறைக்கும் என்ன வித்தியாசம்?"

வெளியே முக்காட்டுக்காரர் மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கைகள் தடுமாறின. "எமக்கு இது பழக்கமில்லை" என்றார்.

"உங்க தப்பு இல்லைங்க. மூடியோட தப்பு" என்று சொல்லி, செங்கமலம் உளியை எடுத்தாள்.

அடுத்த சந்தையில் முரசுக்காரர் ஒரு சின்ன ஓலையைப் பிரித்தார். கீழத்தெருச் சின்னமுத்து மேற்குக் கோட்டையின் நிலவறையில் உயிரோடு இருக்கிறான், சாவி கோட்டைத்தலைவனிடம் இருக்கிறது என்று வாசித்தார். பிறகு கடப்பாரைகள் மறுபடியும் எழுந்தன.

பொன்னையா ஓடோடி வந்து கடை வாசலில் நின்றார். "அம்மா, கேட்டீங்களா? யாரும்மா அனுப்பியிருப்பாங்க?"

"அது தெரியக்கூடாதுன்னுதானேண்ணே இத்தனை பாடு" என்றாள் செங்கமலம். எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்துகிற புது மூடியை அவர் கையில் கொடுத்தாள். "இதைப் போட்டுப் பாருங்க. பார்த்துட்டு, நீங்களும் கோட்டைக்குக் கிளம்புங்க."