சவ்வக்காவும் லாரிப் பட்டறையும்

தும்மிய குற்றத்துக்காகக் கல்லூரி முதல்வரையே ஆய்வகத்தை விட்டு வெளியேற்றிய ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் சவ்வக்கா. நானும் அதே கூடத்தில் குப்பை கொட்டியவள் என்பதால் சொல்கிறேன், முதல்வர் பிழைத்தார்.

நாமக்கல் பக்கம் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் அவர் எனக்கு மூத்தவர். முட்டை மஞ்சள்கருவிலிருந்து பிரித்த கொழுப்பை உப்புநீர்த் தொட்டியின் நடுத்தடுப்பில் உள்ள ஊசித்துளை அளவு ஓட்டையில் தடவினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சவ்வு ஒன்று உருவாகும். ஒரு மருந்து அதைத் துளைத்து எவ்வளவு உப்பை மறுபக்கம் விடுகிறது என்று அளப்பதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. லேசாக அதிர்ந்தாலும் சவ்வு உடைந்துவிடும்.

அதற்காகச் சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்துவதா? செருப்பு கூடாது, கொலுசு கூடாது, கதவைத் தட்டக் கூடாது. "வெளிய நின்னு போன் பண்ணுங்க சார்" என்று பேராசிரியரிடமே சொன்னார். கடை முட்டையும் ஆகாது, அவர் வீட்டுப் பண்ணை முட்டைதான் வேண்டும். சவ்விடம் மட்டும், "நில்லு சாமி, இன்னுங் கொஞ்ச நேரம் நில்லு சாமி" என்று கொஞ்சல். என்னை ஒருநாளாவது சாமி என்று கூப்பிட்டதுண்டா? எனக்கு வயிறு எரியும்.

சுவரை ஒட்டி லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. சுத்தியல் விழுந்தால் சவ்வு போச்சு. அக்கா அடிக்கடி அங்கே சண்டைக்குப் போவார்.

"ஏனுங்க அம்மிணி, கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்காக நாங்க சுத்தியலைக் கீழ வெக்கோணுங்களா?" என்பார் பட்டறைக்காரர்.

"காத்துங்கூடத்தான் கண்ணுக்குத் தெரியறதில்லீங்ண்ணா. டயர்ல அடிக்காமயா வண்டி ஓட்டறீங்க?"

என் கடைசி அளவீட்டு நாள் வந்தது. கருவி இரவல், மாலையில் திரும்பப் போகிறது. அன்று முடிக்காவிட்டால் என் ஆய்வேடு அந்தரத்தில் தொங்கும். காலையிலிருந்து பட்டறையில் ஒரே இடி. தடவத் தடவச் சவ்வு உடைந்தது. சண்டை போட வேண்டிய மகராசியைக் காணோம்! தன் சவ்வென்றால் வரிந்துகட்டுகிறவர், என் சவ்வென்றதும் கம்பி நீட்டிவிட்டாரே என்று பொங்கினேன். அழுகையும் வந்தது.

மதியம் திடீரென்று இடி நின்றது. சவ்வும் நின்றது. மருந்தை விட்டேன், திரையில் கோடு மெல்ல ஏறியது. எல்லாவற்றையும் அளந்து முடித்துவிட்டு, என்ன ஆயிற்றென்று பார்க்க வெறுங்காலோடு பட்டறைக்கு ஓடினேன்.

பாதி அடித்த லாரித் தரைப்பலகையின் நடுவே, சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு சவ்வக்கா சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"காத்தால இருந்து கெஞ்சிப் பாத்தாங்க, நாங்க கேக்கலீங்க" என்று பட்டறைக்காரர் என்னிடம் முறையிட்டார். "கடைசீல ஏறி உக்காந்துட்டாங்க. அந்தப் புள்ளை சவ்வு நிக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேங்கறாங்க!"

அக்கா என்னைப் பார்த்தார்.

"நின்னுச்சா சாமி?"

அந்த ஒரு சாமிக்காக, இன்னொரு சித்திரை முழுக்க அவர் ஃபேனை நிறுத்தினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்.