ராகு காலத்தில் பின்வாங்கிய லாரி

நாமக்கல்,
செவ்வாய், 12-4-88

மெட்ராஸில் சீரும் சிறப்புமாக இருக்கும் மாப்பிள்ளை சரவணமுத்து அவர்களுக்கு மாமனார் அப்புசாமி எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் பண்ணைக் கோழிகளும் சுகம்.

உங்கள் அத்தை பூவாத்தாள் மனம் இறங்கிவிட்டாள்! நீங்களும் தெய்வநாயகியும் எங்களைக் கேட்காமல் மாலை மாற்றிக்கொண்ட நாளிலிருந்து மகள் பேச்சையே எடுக்காதவள், அவள் டி.வி.யில் பாடப்போகிறாள் என்றதும் ஞாயிறு மத்தியானமே பெட்டி முன்னால் பாயை விரித்துவிட்டாள். பார்ப்பதற்கு இல்லையாம், சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். ஐந்து மணிக்குப் பாட்டு. நாலரைக்கு மேல் படம் பொசுக்கென்று போய்விட்டது. வெளியே ஓடிப் பார்த்தால், பக்கத்துப் பட்டறை ராசு பாடி கட்டி முடித்த புது லாரியை எங்கள் ஆண்டெனாவுக்கு நேரே நிறுத்தியிருக்கிறான். நேராக வரும் அலையும் தகரத்தில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்ந்து ஏறினால் உயரம் இரண்டு மடங்கு, பவர் நாலு மடங்கு, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கினால் இரண்டுமே காலி என்று ஆண்டெனா வைத்தபோது நீங்கள் எழுதியது அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்து நாலாவதையும் பூஜ்யமாவதையும் அதுவரை எங்கள் கூட்டுறவு சங்கத் தேர்தலில்தான் பார்த்திருக்கிறேன்.

லாரியைச் சற்று நகர்த்தச் சொன்னேன். லாரி முதலாளி காளியப்பன் சங்ககிரிக்காரர். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு, ராகு காலம் முடியாமல் புது வண்டி புறப்படாது என்றுவிட்டார். நான் காலில் விழாத குறை. ராசுதான் வழி கண்டுபிடித்தான்.

"முன்னால போனாத்தானுங்க பொறப்பாடு. பின்னால தள்றது அதுல சேராதுங்க."

காளியப்பன் யோசித்துத் தலையாட்டினார். பாட்டுக் கேட்க வந்த தெருவே கூடித் தள்ளியது, உங்கள் அத்தை சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு தோள் கொடுத்தாள். ஒரு முழம் தள்ளினோம், ஒன்றுமில்லை. இன்னொரு முழம் தள்ளினோம், குரல் வந்தது. அடுத்த முழத்தில் படமே வந்துவிட்டது! புள்ளிகள் இருந்தன, அவை எங்களுக்கு எப்போதும் உண்டு.

"நம்ம தெய்வாதானுங்க. எப்படி எளச்சுட்டா பாருங்க. அவளுக்கு ஆக்கிப்போட அங்க ஆரு இருக்கறா? அவ ஊட்டுக்கு நான் போயே ஆவோணும்" என்று உங்கள் அத்தை அழுதாள். நானும் அழுதேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் முறுக்கும் நெய்யுமாக வருகிறாள். நீங்கள் இருவரும் வயிறும் மனசும் நிறைந்து நூறு வருஷம் வாழ எங்கள் ஆசீர்வாதம்.

அன்புள்ள மாமா,
அப்புசாமி

பின்குறிப்பு: இப்போதுதான் பேப்பர் பார்த்தேன். தெய்வநாயகியின் பாட்டு வருகிற ஞாயிறுதானாம். நாங்கள் யாரைப் பார்த்து அழுதோமோ தெரியவில்லை. பூவாத்தாளிடம் நான் மூச்சுவிடப் போவதில்லை. மகள் நன்றாகச் சதை போட்டிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளிக்கிழமைக்குள் கொஞ்சம் இளைக்கச் சொல்லுங்கள்.