செவுரு ஆன்டியின் இருபதடிச் சுவர்

உலகின் நான்கு கண்டங்களைச் சேர்ந்த தூதரகக் குடும்பங்களை ஒரே சுவரின்முன் நிறுத்தி, ஆளுக்கொரு தூரிகையைக் கையில் கொடுத்து, வேகாத வெயிலில் வேலை வாங்கி, முடிவில் அவர்களையே நன்றி சொல்லவும் வைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தாம் உண்டு. அந்த ஆற்றல் எந்த நாட்டு வெளியுறவு அமைச்சருக்கும் வாய்க்கவில்லை. கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் சிறியதொரு முதியோர் இல்லத்தை நடத்திவந்த செவுரு ஆன்டிக்கு வாய்த்தது. அவருடைய இயற்பெயரை நான் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. மூன்றாண்டுக் காலம் ஒருவரையொருவர் நொந்துகொள்வதற்கு எங்களுக்குப் பெயர்கள் தேவைப்படவில்லை.

என் மனைவி தூதரகப் பணியில் கோலாலம்பூருக்கு மாற்றலானபோது, கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த நான் ஊதியமில்லா விடுப்பெடுத்து உடன் சென்றேன். அந்நாட்டில் நான் உண்ணலாம், உறங்கலாம், விருந்துகளுக்குச் சென்று புன்னகைக்கலாம். ஊதியத்துக்கு வேலை மட்டும் பார்க்கலாகாது என்பது என் நுழைவிசைவின் சாரம். பங்சாரில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கினேன். பின்னர்ப் பொருள்வாரியாக அடுக்கினேன். மீண்டும் உயரவாரியாக அடுக்கத் தொடங்கிய மாலையில், மனைவி ஒரு தாளை என் முன் வைத்தார்.

"இதுல ஏதாவது ஒண்ணுக்குப் போங்க. நான் வந்ததும் வாசல்லயே நின்னு இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்காதீங்க. எனக்கு ஒரு அம்பாசிடர் போதும்."

தூதரகக் குடும்பத்தார் தன்னார்வத் தொண்டாற்றத்தக்க இடங்களின் பட்டியல் அது. பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோருக்கு நூல் வாசிக்கும் பணிக்கு மலாய் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியாது. சுபாங் ஜெயாவில் பூனைகளுக்கு உரோமம் வாரிவிடும் பணிக்கு ஏற்கெனவே பதினோரு பேர் காத்திருந்தனர். எஞ்சியது கிள்ளான் முதியோர் இல்லம், செவ்வாய்க்கிழமைதோறும். ஏன் எவரும் அதைத் தேர்ந்திருக்கவில்லை என்பதை நான் அப்போதே சிந்தித்திருக்க வேண்டும்.

ரயிலேறிச் சென்றேன். வாயிற்கதவுக்கு அப்பால் முதலில் கேட்டது ஒரு சாவிக்கொத்தின் ஓசை. அதன் பின்னே ஆன்டி வந்தார். குள்ளமான உருவம், தலையில் ஒரு மூக்குக்கண்ணாடி, கழுத்துக் கயிற்றில் இன்னொன்று. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதைத் தேடிக்கொண்டிருந்தார். இடுப்பில் கோழிக்குஞ்சளவு பருமனுள்ள சாவிக்கொத்து. அவர் எங்கிருக்கிறார் என்பதை அந்த இல்லத்தில் கண்ணால் அறியவேண்டியதில்லை, காதே போதும்.

"எத்தன வருஷம்?" என்றார்.

"பதினெட்டு ஆண்டுகள் ஆசிரியப் பணியில்..."

"அத யாரு கேட்டா? இங்க எத்தன வருஷம்? போஸ்டிங்கு!"

"மூன்று."

"அப்ப செவுரு," என்று சொல்லி, பழைய பிஸ்கட் டின்னில் வெள்ளைச் சாயத்தையும் ஒரு தூரிகையையும் கொடுத்துப் பின்புறத்தைக் காட்டினார். "வாங்க மூணு வருஷம், இப்படி."

அன்றுமுதல் அதுவே என் பெயர். மூன்று மாதம் கழிந்ததும் நான் "ரெண்டே முக்கா" ஆனேன். பிறகு "ரெண்டரை". எனக்கு நானே கரைந்துகொண்டிருப்பதாகத் தோன்றிய நாட்கள் உண்டு.

அந்தச் சுவர் இல்லத்துக்கும் லோங்காங்குக்கும் இடையே நின்றது. லோங்காங் என்பது அவ்வூரார் வடிகாலுக்கு வழங்கும் சொல். சுவர் இருபதடி நீளம், ஆறடி உயரம். அதன்மேல் யாரோ அழகிய சூரியகாந்திப் பூக்களை வரைந்திருந்தார்கள். சாயத்தின் வாசனைகூட இன்னும் போகவில்லை.

"இது நன்றாகத்தானே இருக்கிறது?" என்றேன்.

"போன சனிக்கெழம வந்தவங்க போட்டது. நீங்க அத மறைங்க. வர்ற சனிக்கெழம வேற நாடு வருது."

அப்போதுதான் அந்த இல்லத்தின் நடைமுறை எனக்கு விளங்கிற்று. சனிக்கிழமைகளில் ஏதேனுமொரு தூதரகத்தின் குடும்பங்கள் ஒரே நிறச் சட்டையணிந்து, குழந்தைகளும் சாய டப்பாக்களுமாக வந்திறங்கும். ஆன்டி அவர்களைச் சுவரின்முன் அழைத்துச்சென்று, கன்னத்தில் கைவைத்து, இப்படி ஒரு கேவலமான சுவரை இந்த முதியவர்கள் நாள்தோறும் பார்க்க நேர்கிறதே என்று தம் ஆங்கிலத்தில் உருகுவார். இல்லத்தின் எந்தச் சன்னலும் அத்திசையில் திறக்கவில்லை என்பதை எவரும் கவனித்ததில்லை. அவர்கள் தாமரை வரைவார்கள், வானவில் வரைவார்கள், ஒரு குடும்பம் கிள்ளான் வெயிலில் நின்று பனிமலை வரைந்தது. பிறகு கறிபாப் என்னும் பொரித்த பலகாரத்தைத் தின்று, தேநீர் பருகி, படமெடுத்துக்கொண்டு, அரிசி மூட்டைகளை இறக்கிவைத்துவிட்டு, நெஞ்சு நிறைந்து போவார்கள். செவ்வாய்க்கிழமை நான் வந்து வெள்ளையடிப்பேன். வாரம் ஒரு நாட்டை அழிப்பது என் வாடிக்கையாயிற்று. தூதரக அலுவலரின் கணவன் செய்யத்தகாத பணி ஒன்று உண்டெனில் அது இதுவே. அந்தப் பனிமலை மட்டும் மூன்று பூச்சுக்கும் அடங்காமல் என்னை வதைத்தது.

ஒருமுறை சூரியகாந்தி வரைந்த அம்மையார், தம் பூக்களைத் தோழிக்குக் காட்ட முன்னறிவிப்பின்றி வந்துவிட்டார். சுவர் வெளேரென்றிருந்தது. நான் கையில் தூரிகையுடன் திருடனைப்போல் நின்றேன். ஆன்டி கண்ணிமைக்கவில்லை. கிள்ளான் வெயில் அத்தகையது, சூரியகாந்தியைச் சூரியனே தின்றுவிட்டது என்றார். அம்மையார் வாய்விட்டுச் சிரித்து, அங்கேயே சட்டைக்கையை மடித்துக்கொண்டு முப்பது பூக்களை மீண்டும் வரைந்தார்.

அவர் போனபின் ஆன்டி என்னிடம், "பாத்தீங்களா ரெண்டே முக்கா, அவங்களுக்கு எவ்வளவு சந்தோஷம்! நீங்க மட்டும்தான் எப்பவும் மூஞ்ச தூக்கி வச்சிருக்கீங்க" என்றார்.

தூக்காமல் என்ன செய்வேன்? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பின்சுவரை விட்டு வீட்டுக்குள் செல்லவேண்டும். உள்ளே இருந்த பதினாறு முதியவர்களுள் ஒருவருக்கேனும் பயனுள்ள ஒரு காரியம் செய்யவேண்டும். அவர்களுக்குக் குளிக்க உதவி வேண்டியிருந்தது. மருத்துவமனை வரிசையில் உடனமர ஆள் வேண்டியிருந்தது. ஆன்டியோ தனியாளாக அத்தனைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். ஆகவே, தொண்டர்களின் உழைப்பு வீணாவதை எடுத்துரைத்து இரண்டு பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு கண்ணாடிகளையும் மாற்றி மாற்றி அணிந்து முழுவதையும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க," என்றார். "மொதல் கோட்டு காஞ்சிருச்சா?"

நான் தூரிகையைக் கீழே வைத்தேன். பொறுமை என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை உண்டு. "இன்று காரணம் சொல்லுங்கள். இல்லையேல் நான் இனி வரமாட்டேன்" என்றேன்.

ஆன்டி கவிழ்த்துப்போட்ட வாளியின்மேல் அமர்ந்தார். சாவிக்கொத்து ஓய்ந்தது.

"உங்களுக்கு முன்னால ஒரு மேடம் வந்தாங்க. எந்த நாடுன்னு வேணாம். சனிக்கெழம சனிக்கெழம மகளையும் கூட்டிக்கிட்டு வருவாங்க. அந்தப் புள்ள நம்ம பாக்கியம்மாவுக்குத் தல பின்னி விடும். ஒரு வருஷம்லா, ஒரு வாரம் தப்பல. அப்புறம் மாத்தல். கேக் வெட்டி, போட்டோ எடுத்து, அழுதுட்டுப் போனாங்க. தப்பு சொல்லல, அவங்க வேல அப்படி. ஆனா இந்த பாக்கியம்மா என்னா பண்ணுச்சு தெரியுமா? நாலு மாசம், சனிக்கெழம காலையில தலய அவுத்துப் போட்டுக்கிட்டு, கையில சீப்ப வச்சுக்கிட்டு, கேட் கிட்ட உக்காந்திருச்சு. என்னைத் தொட விடல."

வாளியின் விளிம்பில் காய்ந்திருந்த சாயத்தை நகத்தால் சுரண்டினார்.

"செவுரு யாரையும் தேடாதுலா," என்று எழுந்தார் ஆன்டி. "அதான் உங்க ஆளுங்களுக்கெல்லாம் செவுரு. ரெண்டாவது கோட்டு அடிங்க, மழ வருது."

இவ்விடத்தில் என் சினம் தணிந்திருக்க வேண்டும். தணியவில்லை. மறுக்கவியலாத காரணத்தைச் சொல்லிவிட்டு உடனே வேலையும் ஏவுகிறவரிடம் ஒருவன் எப்படி வாதிடுவது? இரண்டாவது பூச்சு அடித்தேன். மழையும் வந்து அதைக் கழுவிற்று.

நான் "ஒண்ணரை" ஆகியிருந்தபோது, வடிகாலை அகலப்படுத்தும் பணி வந்தது. ஒரே காலையில் சுவரை இடித்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இடிந்த பகுதியில் சாயம் விரற்கடை கனத்துக்கு அடுக்கடுக்காக இருந்தது. அத்தனை நாடுகளும் அமைதியாக ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தன. அடுத்த மாதம் வந்த தொண்டுப் பட்டியலில், கிள்ளான் இல்லத்துக்கு நேராக "தற்போது பணி எதுவும் இல்லை" என்று அச்சிட்டிருந்தார்கள். பதினாறு முதியவர்கள், பணி எதுவும் இல்லை. சனிக்கிழமைகள் வெறிச்சோடின. அரிசி மூட்டைகளும் நின்றன.

சுவர் இடிந்தபின் வந்த முதல் செவ்வாய்க்கிழமையே நான் போனேன். ஆன்டி வாயிலிலேயே மறித்தார்.

"செவுருதான் இல்லியே, எதுக்கு வந்தீங்க?"

"செவ்வாய்க்கிழமை, வந்தேன்."

"ஒன்னும் வேல இல்லலா!"

"சரி, உட்கார்ந்திருக்கிறேன்."

கவிழ்த்த வாளியின்மேல் அமர்ந்தேன். சாவிக்கொத்து சமையலறைக்குப் போயிற்று, திரும்பி வந்தது, குளியலறைக்குப் போயிற்று, மறுபடியும் வந்தது. இறுதியில், என் முகத்தைப் பாராமல் ஒரு பெரிய நகவெட்டியை என்மேல் போட்டார்.

"ரயில்வே அங்கிளுக்குக் கால் நகம். வெதுவெதுன்னு தண்ணில ஊற வைங்க, உப்பு போட்டு. ரத்தம் வந்துச்சுன்னா உங்க ரத்தத்த நான் பாப்பேன்."

ஒன்றரை ஆண்டுத் தவத்தின் பயனாக நான் வீட்டுக்குள் நுழைந்தேன். ரயில்வே அங்கிள், இளமையில் சிக்னல் இயக்கியவர், எண்பது கடந்தவர். நான் பேசினில் வெந்நீரை வைத்து அவர் காலைத் தொட்டதும், ஏதோ தடம்புரண்ட வண்டியைக் கண்டவர்போல் காலை இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கு என்னா கெழம?"

"செவ்வாய்."

"செவ்வாக்கெழம நகம் வெட்டுவாங்களா? படிச்ச ஆளா நீங்க? வீடு வெளங்குமா?"

அறையெங்கும் எழுந்த ஆமோதிப்பில் பாக்கியம்மாளின் குரலே உரத்து ஒலித்தது. தொல்லிலக்கியம் கற்றவன், தமிழர் வழக்கங்களை வகுப்பில் உரைப்பவன், இந்தச் சின்னஞ்சிறு வழக்கத்தை மறந்தேன்! ஆன்டியோ வாயிற்படியில் நின்று, "அத நான் மறந்தாலும் நீங்க மறக்கலாமா?" என்று பழியை என்மேலேயே சுமத்தினார். மறுநாள் மீண்டும் ரயிலேறி வந்தேன். அன்றிலிருந்து என் நாள் புதன்கிழமை.

ரயில்வே அங்கிளுக்கு நகம் வெட்டுவது எளிதன்று. அவர் சிக்னல் கைகாட்டியைப்போல் வலக்கையை நீட்டிப் பிடித்திருப்பார். அந்தக் கை இறங்கினால்தான் வெட்டலாம். நீண்டிருக்கையில் வெட்டினால் விபத்து என்று கூச்சலிடுவார். ஒரு விரலுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஆன்டி நடுவில் வந்து, "என்னா ஒண்ணேகா, இன்னும் அஞ்சு வெரல்தானா?" என்பார். பதினாறு பேரின் நூற்றறுபது கால் நகங்களும் எனக்கு மனப்பாடமாயின.

இதற்கிடையே ஆன்டி சும்மா இருக்கவில்லை. யாரோ வீடு கட்டியதில் மிஞ்சிய செங்கல்லைக் கேட்டு வாங்கி, முற்றத்தின் நட்டநடுவே ஒரு புதுச் சுவர் எழுப்பச் செய்தார். இருபதடி நீளம், ஆறடி உயரம். அது எதையும் தாங்கவில்லை. எதையும் எதிலிருந்தும் பிரிக்கவில்லை. துணி உலர்த்தப் போகிறவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. இது எதற்கு என்று கேட்ட வெளிநாட்டு அம்மையாரிடம், காற்று அடிக்கிறது மேடம் என்றார். சனிக்கிழமைகள் மீண்டன, அரிசியும் மீண்டது. வெள்ளையடிக்க வேறொரு தூதரகத்துக் கணவர் வந்துசேர்ந்தார். அவர் பெயர் "நாலு வருஷம்". அவருடைய தூக்கிவைத்த முகத்தைக் காண எனக்குப் பெருமகிழ்ச்சி.

கடைசிப் புதன்கிழமை வந்தது. ரயில்வே அங்கிளுக்கு நான் முதல் நாளிலேயே என் காலக்கெடுவைச் சொல்லியிருந்தேன்.

"ஞாயித்துக்கெழமதான வண்டி?" என்று கேட்டபடி இரண்டு கால்களையும் ஒருசேர நீட்டினார். அன்று வலக்கையைத் தூக்கவே இல்லை. "வந்த வண்டி இங்கயே நின்னுச்சுன்னா, பின்னாடி வர்ற வண்டி எப்படி உள்ள வரும்? போங்க, போங்க."

பாக்கியம்மாளும் தலையசைத்தார். அவர்கள் அனைவரும் என்னைவிடத் தெளிவாக இருந்தார்கள்.

ஆன்டியை மட்டும் காணவில்லை. பாசார் என்னும் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். மூன்றாண்டு உழைப்புக்கு ஒரு சொல் சொல்லவும் ஆளில்லையே என்று கொதித்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது, நடுவில் நின்ற சுவருக்கு அப்பால் சாவிக்கொத்து மெல்லச் சிணுங்கிற்று. நான் நின்றேன். உடனே அதை யாரோ கையால் பொத்திப் பிடித்ததுபோல் ஓசை அடங்கியது.

எதையும் பிரிக்காமல் வீணே நின்ற அந்தச் சுவருக்கு அன்று ஒரு பயன் வாய்த்தது. சுற்றிக்கொண்டு சென்று பார்ப்பது எளிது, நான் பார்க்கவில்லை. "சாயம் உரிகிறது, இரண்டாவது பூச்சு வேண்டும்" என்று சுவரைப் பார்த்து உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது சென்னையில் இருக்கிறேன். புதன்கிழமைதோறும், நான் வகுப்புக்குக் கிளம்பும் வேளையில், என் கைப்பேசிக்கு ஒரு படம் வருகிறது. ரயில்வே அங்கிளின் கால் விரல்கள், நகம் வளர்ந்தபடி. கீழே ஒரே வரி: "என்னா சைபர், இத யாரு வெட்டுறது?" நலமா என்று கேட்பதில்லை, என் பெயரை இன்னமும் கேட்கவில்லை. காலைச் சிற்றுண்டியின்போது பிறர் கால் நகத்தைக் காண்பதைவிட எரிச்சலூட்டுவது வேறெதுவும் இல்லை.

சென்ற புதன்கிழமை அந்தப் படம் வரத் தாமதமாயிற்று. வகுப்பின் நடுவே மூன்று முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். நான் சுவர் இல்லையே.